நாலெல்லைக்கு உட்பட்ட முகம்

நிலத்தை எழுதிக் குடுத்தவனைப் பாத்திருப்பீங்க. ஊட்டை எழுதிக் குடுத்தவனையும் பாத்திருப்பீங்க. மொகத்தை எழுதிக் குடுத்தவன் எங்க எருத்தேன்பதி சுத்துவட்டாரத்துல நான் ஒருத்தன்தானுங்க. வடக்கே நெத்தி மயிர், தெக்கே தொண்டைக்குழி, கிழக்கேயும் மேக்கேயும் ரெண்டு காது; இந்த நாலெல்லைக்கு உட்பட்ட தோலு, மயிரு, மரு, மச்சம் சகலமும் பரிசோதனை முடியற வரைக்கும் ஸ்தாபனத்துக்கே பாத்தியம்னு முத்திரைத்தாள்ல டைப் அடிச்சிருந்தாங்க. ஆறுச்சாமின்னு கீழே ஒப்பு வெச்சேன். பொறகு பொண்டாட்டி வயித்துல வளந்த ஒரு உசுருக்காக அதே மொகத்தைத் திருப்பிக் கேட்டேன். அதுக்குத்தான் அத்தனை ரத்தம்.

எமர்ஜென்சி நடந்துட்டு இருந்த சமயம். கெணறு வத்தி, கடலைச்செடி காட்டுலயே கருகிப் போயிருந்துது. அந்த வருசம் நல்ல பிளேடும் குதிரைக்கொம்பு. ஒரே பிளேடைக் கண்ணாடி டம்ளருக்குள்ள தேச்சுத் தேச்சு அப்பனும் மவனும் மச்சானும் மாத்தி மாத்திச் செரைச்சுட்டு இருந்தோம். இந்தியாக்காரன் தெனமும் சுகமாச் சவரம் பண்ணிக்க வெளிநாட்டுக் கத்தியை நம்பியிருக்கப்படாதுன்னு யாருக்கோ ரோசனை தோணி, கஞ்சிக்கோட்டுல ரோட்டோரமா ஒரு பெரிய கட்டடத்தைக் கட்டி, 'சுதேசி முகமழிப்புக் கருவி ஆராய்ச்சி ஸ்தாபனம்'னு போர்டு மாட்டுனாங்க. புதுசு புதுசாக் கத்தி கண்டுபிடிக்கறது அவீக வேலை. அதைத் தாங்கறது நம்ம வேலை. அந்த வேலைக்குத் தாடைக்காரர்னு பேரு.

ஆளெடுக்கறப்ப சூப்பர்வைசர் குப்பண்ணன், சந்தையில மாட்டுக்குப் பல்லுப் புடிச்சுப் பாக்கற மாதிரி என்ற கன்னத்தை இழுத்துப் பாத்தாரு. அவரும் எங்க பக்கத்துக்காரருதான். "நல்லா வெளையற பூமியப்பா, காலையில எடுத்தா சாயங்காலம் முளைச்சுரும்"னு சொல்லி எழுதிக்கிட்டாரு. எனக்குப் பெருமையா இருந்துது. காடு வெளையலைன்னாலும் மொகமாச்சும் வெளையுதேன்னு நெனச்சேன். கேணைப்பயல்.

மொதல் நாள் டைரக்டர் பேசுனாரு. பாலக்காட்டு டவுன்காரரு. தாடி நெஞ்சு வரைக்கும் எறங்கி, எண்ணெய் போட்டுச் சீவி மினுமினுன்னு இருந்துது. மழிக்கற ஆபீசுல அந்தத் தாடியை நாங்க வாயைப் பொளந்து தொண்ணாந்துட்டுப் பாத்தோம். அவரு அதைக் கவனிச்சுட்டாரு.

"எல்லாரும் என் தாடியைப் பார்க்கிறீங்க. சந்தோஷம். கத்தியைப் பற்றித் தீர்மானிக்கிறவன் கத்தியை உபயோகிச்சா பட்சபாதம் வந்துவிடும். வலிச்சவன் வலியைப் பற்றித்தான் பேசுவான். வலிக்காதவனால்தான் விஞ்ஞானம் பேச முடியும். அதனால் இந்த ஸ்தாபனத்தில் பதவியேற்ற அன்றே நான் சவரத்தைத் துறந்தேன். அது என் தியாகம். உங்க தியாகம் நாளைக் காலையில் ஆரம்பம்."

கை தட்டச் சொன்னாங்க. தட்டுனோம்.

மொதல்ல வந்தது வளைகத்தி. தாடை வளைஞ்சிருக்குது, கத்தி ஏன் நேரா இருக்கோணும்னு ஒரு இஞ்சினீயரு ராவும் பகலும் யோசிச்சு, கதிரறுக்கற அருவாள் கணக்கா ஒண்ணு பண்ணியிருந்தாரு. மண்பானை மேல ஓட்டிப் பாத்தப்ப ஒரு கீறல் விழலையாம். பானைக்கு மூக்கு கெடையாதுங்கறது எங்க மொகத்துல வெச்சப்புறம்தான் அவருக்குத் தெரிஞ்சுது. எனக்கு அடுத்த நாற்காலியில இருந்த காளிச்சாமிக்கு மூக்கு நுனி துண்டுல விழுந்துச்சு. அவன் அதை எடுத்துக் கையில வெச்சுட்டு, யாருகிட்டக் குடுக்கறதுன்னு சுத்தியும் பாத்தான். ஸ்டோர்ல ஒப்படைச்சுட்டு ரசீது வாங்கிக்கச் சொன்னாங்க.

அடுத்தது ஏழு பிளேடுக் கத்தி. ஒண்ணு மேல ஒண்ணா ஏழு பிளேடை அடுக்கியிருந்தாங்க. மொதல் பிளேடு மயிரை வெட்டும், ரெண்டாவது அது உட்டதை வெட்டும், மூணாவது ரெண்டாவது உட்டதை வெட்டும். நாலாவதுக்கு மயிர் மிச்சமில்லை, தோல் இருந்துது. அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் தோலுக்குக் கீழே இருக்கறது கெடைச்சுது. ஏழாவது எலும்புல கரகரன்னு ஓடறது நமக்கே காதுல கேக்கும். "சத்தம் அதிகமா இருக்குதுங்க"ன்னு நான் சொன்னேன். நல்ல யோசனைன்னு எழுதிக்கிட்டு, மக்காநாளு காதுல வெக்கப் பஞ்சு குடுத்தாங்க.

சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துல இருந்து பொன்ராஜ்னு ஒருத்தன் வந்து சேந்தது அப்பத்தான். ஒல்லியா, கருகருன்னு தாடியோட இருந்தான். மலையை உட்டுட்டு இந்தக் கசாப்புக்கடைக்கு ஏண்டா வந்தேன்னு கேட்டேன்.

"அங்கன அட்டை சும்மா குடிக்கி அண்ணாச்சி. இங்கன சர்க்காரு சம்பளம் குடுத்துக் குடிக்கி. அதுபோக இங்கன ஃபேன் இருக்கு"ன்னான்.

கொஞ்ச நாள்ல பொன்ராசுக்கும் ஃபேன் வெறுத்துருச்சு. கூட்டுச் சவரம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. பெஞ்சுல ஆளுங்களை வரிசையா உக்கார வெச்சு, கழுத்தைப் பலகையில பூட்டி, நீளமா ஒரே கத்தியைக் கயிறு கட்டி இந்தத் தலையில இருந்து அந்தத் தலைக்கு இழுக்கறது. ஒருத்தனுக்குச் சவரம் பண்ற நேரத்துல ஒரு ஊருக்கே பண்ணிரலாமாம். எல்லாத் தாடையும் ஒரே மட்டத்துல இருந்தா பண்ணியிருக்கலாம். நெட்டையனுக்குத் தொண்டையில இழுத்துச்சு, குட்டையனுக்குப் புருவத்துல இழுத்துச்சு. நடுவாந்தரமா இருந்த எனக்குக் கீழ் உதடு ரெண்டாப் பொளந்துது. பொன்ராசு காதுமடல் பாதி கயிறோட போயிருச்சு. ஒருத்தன் மேல பீச்சுன ரத்தம் அடுத்தவன் கண்ணுல எறங்கி, யாருக்கு எங்க வெட்டுன்னே தெரியாம எல்லாரும் ஒண்ணா ஊளையிட்டோம். டைரக்டரு கடிகாரத்தைப் பாத்துட்டு, "வேகம் பிரமாதம், தாடைகளை ஒரே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி"ன்னாரு.

ரத்தம்ங்கற வார்த்தையை அந்தக் கட்டடத்துக்குள்ள சொல்லப்படாது. அதுக்குச் 'சிவந்த ஈரம்'னு பேரு. வெட்டுன்னும் சொல்லப்படாது, 'திறப்பு'ன்னு சொல்லோணும். ராத்திரி வலியில கத்துனா அது 'பின்னூட்டம்'. மேலதிகாரிக கேட்டா சங்கடம்னு சிவந்த ஈரத்தைக் குறைக்க ஒரு கமிட்டி போட்டாங்க. அது நெம்ப நாள் உக்காந்து பேசி, வெள்ளைத் துண்டுகளை எல்லாம் தூக்கிப்போட்டுட்டுச் சிவப்புத் துண்டா வாங்கச் சொல்லுச்சு. மறுவாரமே துண்டுல கறை காணோம்னு ரிப்போர்ட் போச்சு. டைரக்டருக்கு மேல இருந்து பாராட்டு வந்துது. எங்களுக்கு டிங்சரும் படிகாரமும் வந்துது.

இந்த லச்சணத்துல ஒரு சாயங்காலம் ஊட்டுக்குப் போறேன், மருதாத்தா வாசல்லயே நிக்கறா. என்ற பொண்டாட்டி. எப்பவும் மொகத்துல டிங்சரைப் பாத்துட்டுத் திட்டறவ அன்னைக்குத் திட்டலை.

"ஏனுங்க மாமா, முழுகாம இருக்கறனுங்க"ன்னா.

எனக்குச் சந்தோசத்துக்கு முன்னால பயம்தான் வந்துது. முன்னே ரெண்டு தடவை வந்ததும் தங்கலை. ரெண்டாவது போனப்ப அவ கிழிஞ்ச நாராட்டம் கெடந்ததை நான் பாத்தவன். எங்க பக்கத்துல ஒரு பழக்கம் உண்டுங்க: பொண்டாட்டி மாசமா இருந்தா, கொழந்தை பூமிக்கு வர்ற வரைக்கும் புருசங்காரன் மொகத்துல கத்தி படப்படாது. பட்டா வயித்துல இருக்கறது நிக்காதும்பாங்க. முந்தி ரெண்டு தடவையும் நான் அதெல்லாம் பழங்கதைன்னு சொல்லிச் செரைச்சுட்டுத்தான் திரிஞ்சேன். கத்தியாலதான் போச்சா, வேற எதாலயாச்சும் போச்சா, யாருக்குத் தெரியும். ஆனா மருதாத்தா மனசுல அது கத்தியாலதான்.

"இந்தத் தடவை வேண்டாமுங்க மாமா. உங்களைக் கும்புட்டுக்கறேன்"னு சொல்லி அவ என்ற தாடையைப் புடிச்சா. காயத்துல கை பட்டு எரிஞ்சுது. கத்தி வெக்கமாட்டேன்னு அவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனேன்.

மறுநாள் நாற்காலியில உக்கார மாட்டேன்னு நின்னேன். குப்பண்ணன் மொதல்ல சிரிச்சாரு. அப்புறம் மொறைச்சாரு. அப்புறம் இழுத்துட்டுப் போயி டைரக்டர் முன்னால நிறுத்துனாரு. நான் விசயத்தைச் சொன்னேன். அவரு தாடியைத் தடவிக்கிட்டே பொறுமையாக் கேட்டாரு.

"உன் மனைவி கர்ப்பம்னா லீவு உன் மனைவிக்கு. அவ நம்ம ஸ்தாபனத்தில் வேலை செய்யலை. ஆகையால் அவளுக்கு லீவு இல்லை. நீ கர்ப்பம்னா டாக்டர்கிட்டே எழுதி வாங்கி, அபேட்சை மனு குடு. பரிசீலிக்கலாம்."

"வேலையை உட்டுடறனுங்க"ன்னேன்.

"தாராளமா விட்டுட்டுப் போ. முகத்தை வெச்சுட்டுப் போ. எழுதிக் கொடுத்திருக்கே இல்லையா?"

முத்திரைத்தாளை எடுத்துக் காட்டுனாரு. வாசல்ல ரெண்டு காவக்காரங்க லத்தியோட நின்னாங்க. அந்தக் காலத்துல கேள்வி கேட்டவன் எங்க போனான்னு கேக்கறதுக்கும் ஆள் இல்லை. நான் பொசுக்குனு கால்ல உழுந்துட்டேன். மூணாவதும் போச்சுன்னா என்ற பொண்டாட்டி பொழைக்கமாட்டா சாமின்னு அழுதேன். டைரக்டர் மனசு எளகிப் போச்சு. எளகுனா என்ன பண்ணுவாங்க, கமிட்டி போட்டாங்க.

கமிட்டி முடிவை அவரே வாசிச்சாரு. ஊட்டுல இருக்கறப்ப வளந்த மயிர் தொழிலாளிக்குச் சொந்தம். ஆபீஸ் நேரத்துல வளந்த மயிர் ஸ்தாபனத்துக்குச் சொந்தம். ஆகமொத்தம் மூணு மயிருக்கு ஒரு மயிர் ஸ்தாபனத்தோடது.

"தூங்கறப்ப வளந்ததுங்க?"ன்னு கேட்டேன்.

"அது சர்ச்சைக்கு உட்பட்டது. இப்போதைக்கு உன் வசமே இருக்கட்டும்."

"ஆனா கத்தி படப்படாதுங்களே சார்."

"கத்தி வைக்கப்போறதா யார் சொன்னா? உங்க ஐதீகம் கத்தியைப் பற்றி மட்டும்தானே சொல்லுது. பிடுங்கறதைப் பற்றி ஒண்ணும் சொல்லலையே. இந்த ஸ்தாபனம் மக்களோட நம்பிக்கையை மதிக்கிற ஸ்தாபனம்"னாரு டைரக்டர். சொல்றப்ப அவரு குரல் கொஞ்சம் தழுதழுத்துப் போச்சு.

அன்னையில இருந்து தெனமும் ஆணி பிடுங்கற கொறட்டை வெச்சு என்ற தாடியில மூணுக்கு ஒண்ணு பிடுங்கோணும். அந்த வேலையைப் பொன்ராசுக்குக் குடுத்தாங்க. காது போனவன் சும்மா இருக்கறானாம். மொதல் நாளு ஒண்ணு பிடுங்குனான். வேரோட சேந்து ஒரு துணுக்குச் சதையும் வந்துது. எனக்குக் கண்ணு ரெண்டும் இருட்டிப் போச்சு. அவன் கொறட்டைக் கீழ வெச்சுப்போட்டுக் கதவைப் பாத்தான். யாரும் இல்லை.

"வயித்துப்பிள்ளைக்காரி சாபம் நமக்கு எதுக்கு அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டு, அதே கொறட்டைத் தன் தாடையில வெச்சு இழுத்தான். இழுக்கறப்ப அவன் பல்லு நறநறன்னுச்சு. தட்டுல போட்டான். "மயிருல பேரா எழுதியிருக்கு? உம்மதும் கருப்பு, என்னதும் கருப்பு. நீரு சும்மா கத்தும்"ன்னான்.

நான் கத்துனேன். அவன் வாயை இறுக்கி மூடிட்டுப் பிடுங்குனான். மாசக்கணக்கா இப்படி நடந்துது. அவன் மொகம் சீழ் வெச்சு, வீங்கி, பலாக்காய்த் தோலாட்டம் ஆயிருச்சு. கூடப்பொறந்தவன்கூடப் பண்ணமாட்டான் அந்தக் காரியத்தை. தெனமும் தட்டைக் கொண்டுபோயி ஒப்படைச்சுட்டு வந்து, "மதினிக்கு எப்படி இருக்கு? சாப்பிடுதாங்களா?"ன்னுதான் கேப்பான். அவனுக்கு என்ற ஆயுசுல பாதியைக் குடுத்தாலும் தகுமுங்க.

மருதாத்தாளுக்கு வயிறு நல்லா எறங்கி, இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கறப்ப, டில்லியில இருந்து பரிசோதனைக் குழு வருதுன்னு சேதி வந்துச்சு. புதுசா ஒரு மோட்டார்க் கத்தி தயாரா இருந்துது. மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டற மெஷினைப் பாத்துப் பண்ணுனது. முன்னால ரெண்டு உருளை, மயிரைக் கவ்வி உள்ளே இழுக்கும். பின்னால சக்கரத்துல கத்தி, வெட்டித் தள்ளும். அதை மொதல்ல ஒரு ஆட்டு மேல ஓட்டிப் பாத்து வெற்றின்னு எழுதுனாங்க. அந்த ஆட்டை மத்தியானம் கேண்டீன்ல பாத்தோம்.

டில்லிக்காரங்களுக்கு ஓட்டிக் காட்ட ஒரு மொகம் வேணும். தாடைக்காரங்க எல்லாரையும் வரிசையா நிறுத்திப் பாத்தாங்க. ஒருத்தன் மொகத்துலயும் மயிரில்லை, பாதிப்பேருக்குத் தோலே இல்லை. கட்டடம் பூராவும் தேடுனா அடர்த்தியா நிக்கற தாடி ரெண்டே ரெண்டு. ஒண்ணு டைரக்டரோடது. இன்னொண்ணு என்னது.

அன்னைக்கு விடியறப்பவே மருதாத்தாளுக்கு இடுப்புவலி கண்டிருச்சு. மருத்துவச்சி உள்ள போனா. நான் வாசல்ல மண்டி போட்டுக் கும்புட்டுட்டு இருந்தேன். இன்னும் ஒரு பொழுது தாட்டுனாப் போதும், பொறகு இந்தத் தாடியை எந்தக் கழுதைக்கு வேணும்னாலும் போடலாம். அப்ப ஸ்தாபனத்து ஜீப்பு வந்து நின்னுது. காவக்காரங்க எறங்கி என்ற கக்கத்துல கையைக் குடுத்துத் தூக்குனாங்க. உள்ள அவ அலறுனது, ஜீப்பு கெளம்பி மண்ரோடு திரும்பற வரைக்கும் என்ற காதுல கேட்டுட்டே இருந்துச்சு.

நாற்காலியில உக்கார வெச்சுச் சிவப்புத் துண்டால கையையும் காலையும் கட்டுனாங்க. நான் ஒரு காவக்காரன் கட்டை விரலை எலும்பு வரைக்கும் கடிச்சேன். அவன் லத்தியால முட்டியில போட்டான், சில்லு ஒடைஞ்சுது. பொன்ராசு ஓடியாந்து டிங்சர் பாட்டிலை எடுத்து இன்னொருத்தன் மண்டையில ஒடைச்சான். அவனை நாலுபேரு கீழ தள்ளி மிதிச்சாங்க. வாயில ரத்தத்தோட அவன் என்னைப் பாத்து, "அண்ணாச்சி, தலையை ஆட்டிட்டே இரும், புடி குடுக்காதயும்"ன்னு கத்துனான். டில்லிக்காரரு ஒருத்தரு இது என்னன்னு இங்கிலீசுல கேட்டாரு. இது சவரத்துக்கு முன்னால செய்யற உடற்பயிற்சின்னு டைரக்டர் சொன்னாரு.

குப்பண்ணன் சுவிச்சுகிட்ட நின்னாரு. "கண்ணை மூடிக்கப்பா ஆறுச்சாமி. எனக்கும் ரெண்டு பொண்ணு கண்ணாலத்துக்கு நிக்குது"ன்னு மொணமொணத்துட்டுச் சுவிச்சைத் தட்டுனாரு.

உருளை சுத்துச்சு. தாடியில காத்து அடிச்சுது. நான் தலையை ஆட்டிட்டே இருந்தேன். எனக்கு ஊட்டு வாசல்தான் கண்ணுல நின்னுது. பொறந்திருக்குமா, போயிருக்குமா.

டைரக்டர் விளக்கம் குடுத்தாரு. "பயப்பட ஒண்ணுமே இல்லை. முகத்துக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி எப்போதும் உண்டு. பாதுகாப்பு என்பது எங்கள் ஸ்தாபனத்தோட உயிர். தூரத்தில் இருந்து பார்த்தா தெரியாது. இப்படிக் குனிஞ்சு பார்க்கணும்."

குனிஞ்சாரு. மெஷினுக்கு யாரு தாடின்னு தெரியாதுங்களே. பக்கத்துல இருந்ததைப் புடிச்சுக்கிச்சு.

சர்ருன்னு தாடி உள்ளே போச்சு. பின்னாலயே தாடையும் போச்சு. தட்டு வெட்டறப்ப பச்சைத் தட்டுக்கு ஒரு சத்தம் வரும் பாருங்க, அதே சத்தம். என்ற மடியில அவரு தாடி குத்துக் குத்தா உழுந்துச்சு. அப்புறம் தோலு உழுந்துச்சு. அப்புறம் கீழ்வரிசைப் பல்லு, கடலைக்காய் உதுர்ற மாதிரி உழுந்துச்சு. அவரு கையி என்ற சட்டையைப் புடிச்சு இழுத்துது. எனக்கு அந்த நேரத்துலயும் ஐயோ பாவம்னுதான் இருந்துது.

"நிறுத்தட்டுங்களா சார்?"னு குப்பண்ணன் கேட்டாரு.

டைரக்டர் என்னமோ சொன்னாரு. வாய் உள்ள இருந்ததால ஒண்ணும் வெளங்கலை.

"சார், வாய்மொழி உத்தரவு தெளிவா இருக்கோணும்னு நீங்கதானுங்க சர்க்குலர் போட்டிருக்கறீங்க. நிறுத்தறதா, வேகத்தைக் கூட்டறதான்னு தயவு பண்ணிச் சொல்லுங்க"ன்னாரு குப்பண்ணன். அவரு நக்கல் பண்ணலை, கண்ணுல தண்ணி உட்டுட்டே கேட்டாரு. பதில் வராததால வேகத்தை நடுவாந்தரமா வெச்சாரு.

டில்லிக்காரங்க எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க. தன்னோட கண்டுபிடிப்புக்குத் தன் தாடியையே குடுக்கற டைரக்டரை அவங்க எங்கயும் பாத்ததில்லையாம். நல்லவேளை அந்த நேரத்துக்குக் கரண்டு போச்சு. எலக்ட்ரிசிட்டி போர்டு பண்ணுன புண்ணியத்துல மெஷினு அவரு நெஞ்சுக்கு மேலயே நின்னுச்சு.

குழுத்தலைவரு டார்ச் அடிச்சு அவரு மொகத்தை நிதானமாப் பாத்தாரு. மொகம்னு சொல்ற அளவுக்கு மேல்பாதிதான் இருந்துது. "வேர் வரைக்கும் போயிருக்கு. இனி இவருக்கு ஆயுசுக்கும் பிளேடே தேவைப்படாது. ஒவ்வொரு இந்தியனுக்கும் இப்படி ஒரு சவரம் செஞ்சுட்டா நாட்டுக்கு எவ்வளவு மிச்சம்"னாரு. மெஷினைப் பண்ணுன இஞ்சினீயரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு.

பொன்ராசு நகந்து வந்து பல்லால முடிச்சை அவுத்து உட்டான். நான் ஒரு காலை இழுத்துட்டுக் கஞ்சிக்கோட்டுல இருந்து கெழக்கே ஓடுனேன், கெடைச்ச லாரியில தொத்துனேன், சட்டை பூராவும் டைரக்டரு. ஊட்டு வாசலுக்கு வந்தப்ப உள்ள ஒரு அழுகை கேட்டுது. சின்ன அழுகை. நான் நெலப்படியில அப்படியே சாஞ்சு தேம்பித் தேம்பி அழுதுட்டேன். பொண்ணு. மருதாத்தா தலையைத் திருப்பி என்ற தாடியைத்தான் மொதல்ல பாத்தா. இருக்குதுன்னு தெரிஞ்சதும் கண்ணை மூடித் தூங்கிட்டா.

கொழந்தை குப்புற உழற வயசு வந்தப்ப ஜீப்பு மறுபடி வந்துச்சு. மருதாத்தா அன்னைக்குக் களையெடுத்துட்டு வந்து, வாசல்ல உக்காந்து களைக்கொத்துல ஒட்டுன மண்ணைச் சொரண்டிட்டு இருந்தா. கொழந்தை உள்ள தூளியில தூங்குச்சு. ஜீப்புல இருந்து குப்பண்ணன் எறங்கி, டைரக்டரைக் கைத்தாங்கலா எறக்குனாரு. மூக்குக்குக் கீழ பூராவும் துணிக்கட்டு. மாலை போட்டிருந்தாரு. அந்தச் சவரத்துக்காக அவருக்குப் பெரிய பதவி குடுத்திருக்கறாங்களாம். இப்ப அவரு தொண்டையில இருந்து கொர்கொர்னு சத்தம் போடுவாரு, குப்பண்ணன் அதைக் கேட்டுத் தமிழ்ல சொல்லுவாரு.

"பெரியவங்க மொகத்துல எல்லாம் ஏற்கெனவே அபிப்பிராயம் இருக்குதுங்கறாரு. வலிக்கும்னு ஒரு எண்ணம் அவங்களுக்கு முன்கூட்டியே வந்துருது. அதனால ஆராய்ச்சி கெட்டுப் போகுது. பச்சைக் கொழந்தை மொகத்துல எந்த அபிப்பிராயமும் கெடையாது. அதுதான் சுத்தமான விஞ்ஞானம்கறாரு."

டைரக்டர் பையில இருந்து ஒரு வெல்வெட்டுப் பெட்டியை எடுத்துத் தொறந்தாரு. அதுக்குள்ள ஒரு கத்தி. வெரல் நீளம்கூட இல்லை, பளபளன்னு பொம்மையாட்டம் இருந்துது.

"கன்னத்துல பூனைமயிர் இருக்குமில்ல, அது போதுமாம். பொண்ணா இருந்தாலும் பரவாயில்லை, ஸ்தாபனத்துல ஆண் பெண் பேதம் இல்லைங்கறாரு. நீ பட்ட செரமத்துக்கு ஒரு கைம்மாறாத்தான் மொதல்ல உங்க ஊட்டுக்கு வந்திருக்கறாரு. இன்னையில இருந்தே கொழந்தைக்கு நிரந்தர வேலைப்பா. சாகற வரைக்கும் யாரும் தள்ள முடியாது."

நிரந்தரம். எங்க ஊருல அந்த வார்த்தையை இதுக்கு முன்னால யாரும் யாருக்கும் சொன்னதில்லை. கெணத்துல தண்ணி நிரந்தரமில்லை, மழை நிரந்தரமில்லை. என்ற முட்டி வேற வலிச்சுட்டு இருந்துது. உள்ள தூளி ஒரு ஆட்டம் ஆடி நின்னுச்சு. நான் தோள்துண்டை எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டேன்.

"பென்சன் உண்டுங்களா?"ன்னு கேட்டேன்.

மண்ணு சொரண்டற சத்தம் நின்னுது. மருதாத்தா எந்திரிச்சா.

"உங்களுக்குப் பென்சன் வேணுமுங்களா மாமா?"ன்னு கேட்டா. மரியாதையாத்தான் கேட்டா.

மொதல் அடி எனக்குத்தான் உழுந்துச்சு, தாடை எறங்கிப் போச்சு. என்னை அவ காம்புப் பக்கத்தாலதான் அடிச்சா. அப்புறம் கொத்தைத் திருப்பிப் புடிச்சுக்கிட்டு ஜீப்பைப் பாத்து நடந்தா.